இந்த மாத எறும்பு

1. சுவரில் ஒட்டியிருந்தது

எறும்புக்கு மருந்து வைக்கிற கம்பெனியின் சுவரில் எறும்புப் படம் ஒட்டியிருந்தது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். தன்னைவிடப் பெரிய இலைத்துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு எறும்பு. அதன் கீழே 'உழைப்பு' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே ஒரு சின்ன ஃப்ரேம். அந்த மாதம் யார் அதிக வீடு முடிக்கிறானோ அவன் போட்டோவை அதில் செருகுவார்கள். அவன்தான் 'இந்த மாத எறும்பு'.

தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஆபீஸ். காலை எட்டு மணிக்கு மீட்டிங். மேனேஜர் வேலு சார் படத்தை ஸ்கேலால் தட்டினார்.

"இதைப் பாருங்கப்பா. இது லீவு கேக்குதா? முதுகு வலிக்குதுன்னு உக்காருதா? டீ குடிக்கப் போறேன்னு காணாமப் போவுதா? தன்னைவிட எத்தனை மடங்கு வெயிட்டைத் தூக்குது. நீங்க ஒரு மருந்து பம்பைத் தூக்கிட்டு மூணு மாடி ஏற மூஞ்சியைச் சுளிக்கிறீங்க."

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். வாய் மட்டும் எதிலும் ஃபெயில் ஆனதில்லை.

"கரெக்டு சார். அவ்ளோ உழைச்சும் கடைசில அதுக்கு நாமதான் மருந்து வெக்கிறோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து அமைதியான பிறகு பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு தனியாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும், முப்பது. நெற்றியில் வியர்வை, மடியில் பையைக் குழந்தை மாதிரி வைத்திருந்தான்.

"பிரபா, நீ ஆரோக்கியம் கூடப் போ" என்றார் வேலு சார். "உன் வாயும் அவன் கையும் சேந்தா ஒரு முழு ஆளாவது தேறும்."

ஆரோக்கியத்துக்கு வீடு சாந்தோமில். சிரிப்பு மாதிரியே அவன் வேலையும். சேர்ந்து போனாலும் கணக்கு அவனவனுக்குத் தனி; நாங்களெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்பது வீடு முடித்தால் அவன் நாலு முடிப்பான். கூரியர் வேலையிலும் ஒரு ஓட்டல் சமையல்கட்டிலும் 'ஸ்லோ' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண் குழந்தையை அந்த வருடம்தான் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தான்.

"இது மூணாவது வேலை மச்சி. இதுவும் பூட்ச்சுன்னா என்னை சர்ச் ஃபாதராண்ட இட்டுக்கினு போய்ருவேன்னு வூட்டுல சொல்லிட்டா" என்றான் பஸ்ஸில்.

"வேலை போனதுக்கு ஃபாதர் இன்னாடா பண்ணுவாரு?"

பாண்டி பஜார் சிக்னலில் கேட்டேன், லஸ் கார்னரில் பதில் வந்தது. "அதான் எனக்கும் புரில."

எங்கள் கம்பெனியில் ஒரு விதி. ஒவ்வொரு கட்டடமும் ஒருத்தன் பேரில் இருக்கும். ஒரே கட்டடத்திலிருந்து ஒரே மாதத்தில் மூன்று கம்ப்ளைன்ட் வந்தால், அந்தப் பேருக்கு உரியவன் பையை ஆபீஸில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். கையெழுத்து, விசாரணை எதுவும் கிடையாது.

2. மாமி வீட்டு அடுப்படி

மயிலாப்பூரில் ஆறு வீடு உள்ள ஒரு ஃப்ளாட். ஆரோக்கியம் பேரில் இருந்த கட்டடம். முதல் மாடி மாமி வீட்டு அடுப்படியில் பொடி எறும்பு. மஞ்சளாக, கடுகில் பாதி சைஸ். ஜன்னல் ஓரத்திலிருந்து சிங்க் வரைக்கும் பென்சிலால் கோடு போட்டது போல ஒரே வரிசை.

ஆரோக்கியம் தரையில் முட்டி போட்டான். பழைய ரப்பர் செருப்பை வெட்டி முட்டிக்குக் கட்டிக்கொள்வான். ஊசி மாதிரி இருக்கும் ட்யூபிலிருந்து வரிசை ஓரமாக ஜெல்லைச் சொட்டுச் சொட்டாக வைத்தான். எறும்புகள் கலைந்து வந்து ஜெல்லைச் சுற்றி மொய்த்தன. ஐந்து நிமிடத்தில் ஒரு வரிசை மூன்றானது.

மாமி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏண்டாப்பா, எறும்பை ஓட்டத்தானே உங்களைக் கூப்பிட்டேன்? நீங்க என்னடான்னா இலை போட்டுப் பரிமாறிண்டு இருக்கேள்."

"சாப்ட்டாதான் மாமி சாவும்" என்றான் ஆரோக்கியம். "இதுங்க அங்கயே துன்னாது. வூட்டுக்கு எடுத்துக்கினு போவும். ராணிக்கு, குட்டிங்களுக்கு, எல்லாத்துக்கும் ஊட்டும். பத்து நாள் விடுங்க. தொடைக்காதீங்க, எதையும் அடிக்காதீங்க."

"பத்து நாளா? வெள்ளிக்கிழமை பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். சம்பந்தி ஆத்துலேருந்து இருபது பேர் வரா."

ஜெல் வைத்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து, எறும்பு அதை எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரும் பார்க்க மாட்டோம். ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றால் போனில் இருக்கிற கம்பெனி ஆப் சிவப்பாகும், ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். ஆரோக்கியத்தின் போன் எப்போதும் சிவப்புதான். அன்றைக்கு நானும் கூட உட்கார்ந்தேன்.

முறுக்குத் துணுக்கு ஒன்றை ஏழெட்டு எறும்புகள் இழுத்தன. இரண்டு எதிர்ப்பக்கம் இழுத்தன. ஒன்று துணுக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்து சவாரி போனது.

"அதாண்டா வேலு சாரு" என்றேன்.

ஜன்னல் விரிசலில் ஒரு கும்பல் எந்த வேலையும் செய்யாமல் நின்றது. போகிற வருகிற எறும்புகளுக்கு மீசையை ஆட்டிக்கொண்டு, அவ்வளவுதான்.

"பாத்தியா, உழைப்பு உழைப்புன்றாரே. பாதி சும்மா நிக்கிது."

ஆரோக்கியம் முகத்தைக் கிட்டே கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தான். "நிக்கிது. ஆனா எதுவும் அத்த வெரட்டலயே" என்றான்.

பிறகு அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மேல்மாடிக்குப் போனான். அவன் போனால் முக்கால் மணி நேரம். எனக்கு அடையாறில் அடுத்த வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மாமியும் விடவில்லை.

"கரப்புக்கு அடிக்கிற பம்ப் கையிலேயே வெச்சிண்டிருக்கே. ஒரே ஒரு தடவை அடிச்சுட்டுப் போயேன். உனக்குப் புண்ணியமாப் போறது."

அடித்தேன். சிங்கிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜெல் சொட்டுகளின் மேலேயும் சேர்த்து. ஒரு நிமிடத்தில் கோடு அழிந்தது. மாமி ஒரு டம்ளர் காபி கொடுத்தார். ஆரோக்கியம் முட்டியை மடித்து அரை மணி நேரம் செய்ததை நான் நின்றபடியே முடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே குஷி. செத்ததைத் துடைத்துவிட்டு, பம்பை மூலையில் வைத்துவிட்டு, அவன் இறங்கி வந்தபோது நல்ல பிள்ளையாக நின்றேன்.

"எறும்ப காணோமே" என்றான்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துடுச்சு."

சிரித்தான். படியிறங்கி வாசல் கேட்டைத் தாண்டிய பிறகு.

3. இரண்டு போன், அப்புறம் ஒன்று

ஹோமம் நல்லபடியாக நடந்தது. அதற்கு அடுத்த வாரம் இரண்டாம் மாடியிலிருந்து முதல் போன் வந்தது. அங்கே அதுவரை எறும்பே இருந்ததில்லை. இரண்டு நாள் கழித்துக் கீழ் வீட்டிலிருந்து இரண்டாவது போன்.

ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு அந்தக் கட்டடத்துக்குப் போனான். வா என்று என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன், பயத்தில். ஆறு வீட்டிலும் முட்டி போட்டு, ஸ்விட்ச் பெட்டி, கதவு நிலை, ஃப்ரிட்ஜ் ரப்பர், தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொரு கோடாகத் தேடி ஜெல் வைத்தான். மத்தியானச் சாப்பாடு இல்லை. நான் வாங்கி வந்த சமோசாவைப் பையில் வைத்தான், அது அங்கேயே இருந்தது. மாலையில் எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"யாரோ ஸ்ப்ரே அடிச்சிக்கீறாங்க மச்சி" என்றான். "இந்த எறும்புக்கு ஸ்ப்ரே ஆவாது. அடிச்சா மீதி இருக்கறது ராணிங்களத் தூக்கிக்கினு செதறிப் பூடும். ஒரு கூடு அஞ்சாறு கூடாயிடும். டிரெய்னிங்ல சொன்னாங்களே."

டிரெய்னிங்கில் நான் பின்னால் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தவரைப் போல் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கடையில வாங்கி மாமி அடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். படிக்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இரண்டு கம்ப்ளைன்ட்தான் ஆகியிருந்தது. மேலே போய் மாமியிடம் நானே பேசி, மூன்றாவது வராமல் தடுத்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"அடிச்சிருப்பாங்க. மாமிங்கள நம்பாத."

அவன் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். மறுநாள் தனியாகப் போய், ரொம்ப மரியாதையாக, மாமியிடம் கேட்டிருக்கிறான். மாமிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"நானா அடிச்சேன்? உன்னோட ஒரு வாயாடி வந்தானே, அவன்னா அடிச்சான். செய்யறதையும் செஞ்சுட்டு என் மேலயே பழி போடறேளே" என்று அவன் எதிரிலேயே ஆபீஸுக்குப் போன் போட்டார்.

அதுதான் மூன்றாவது.

4. சிரிப்பு

அதற்குப் பிறகு மூன்று நாள் வேலு சார் ஊரில் இல்லை. அந்த மூன்று நாளும் ஆரோக்கியம் என்னோடுதான் வந்தான். எதுவும் கேட்கவில்லை. நான் வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடித்தேன்.

நாலாம் நாள் காலை மீட்டிங்கில் வேலு சார் சொன்னார்: "ஆரோக்கியம், மயிலாப்பூர் மூணு ஆயிடுச்சு. பையை வெச்சிடு."

நான் எழுந்தேன். "சார், அங்க ஸ்ப்ரே அடிச்சது நான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலு சாரும்தான். இத்தனை மாதமாக அந்த ரூமில் நான் எழுந்து எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகியவர்கள். சிரித்து முடித்தார்கள். பின்வரிசையிலிருந்து தாமதமாக வருகிற சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"தமாசு இல்ல சார். மெய்யாலுமே நான்தான். ஜெல்லு மேலயே அடிச்சிட்டேன். அதான் செதறிடுச்சு. அவன் மேல தப்பு இல்ல."

வேலு சார் என்னைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"சரி, நீதான் அடிச்ச. நீ ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கிற?"

"ஒம்போது சார்."

"அவன்?"

நான் சுவரில் இருந்த எறும்புப் படத்தைப் பார்த்தேன்.

"உக்காரு" என்றார். "உன்னை அனுப்பிட்டு அவனை வெச்சிக்கச் சொல்றியா?"

உட்கார்ந்தேன். அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆரோக்கியம் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். டார்ச், ட்யூப், கையுறை, ஜாப் கார்டு. ட்யூபின் மூடியைத் திருகிச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். "சீக்கிரம்ப்பா, அடுத்த மேட்டர் இருக்கு" என்றார் வேலு சார். முட்டிக்குக் கட்டுகிற செருப்புத் துண்டு அவனுடையது. அதை மட்டும் பாக்கெட்டில் செருகிக்கொண்டான்.

படிக்கட்டில் பின்னால் ஓடினேன்.

"சொல்லிட்டேன்ல மச்சி."

"மாமி அன்னிக்கே சொல்ட்டாங்க. மூணு நாளா நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"இப்ப சொன்னேனே."

"எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்ன. அது உனக்கோசரம் சொல்லிக்கின." இரண்டு படி இறங்கி நின்றான். "நீ அடிச்ச ஜோக்குக்கெல்லாம் ஒண்ணு விடாம சிரிச்சேன், பாரு. அதான் கேவலமா கீது."

போய்விட்டான். எப்போதும் மெதுவாக இறங்குகிறவன் அன்றைக்கு வேகமாக இறங்கினான்.

5. ஃப்ரேம்

மயிலாப்பூர் கட்டடம் என் பேருக்கு மாறியது. நான் போய்ப் பார்க்கவே இல்லை, தைரியம் இல்லை. இரண்டு வாரத்தில் மாமியே ஆபீஸுக்குப் போன் செய்தார். ஆறு வீட்டிலும் ஒரு எறும்பு இல்லையாம். வந்த பையன் ரொம்ப நல்லாச் செய்திருக்கிறான் என்றாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியம் பட்டினியோடு வைத்த ஜெல், அதற்கான நாளை எடுத்துக்கொண்டு வேலையை முடித்திருந்தது.

பாராட்டு என் கணக்கில் ஏறியது. மாதக் கடைசியில் வேலு சார் என் போட்டோவை ஃப்ரேமில் செருகினார். எல்லோரும் கை தட்டினார்கள். "ஏதாச்சும் பேசு" என்றார்கள். எனக்கு முதல் தடவையாக வாய் வரவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

ஆரோக்கியத்தின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஒரு நாள் பாண்டி பஜாரில் ஒரு கடை வாசலில் அவனைப் பார்த்தேன். செக்யூரிட்டி உடுப்பு, சைஸ் பெரிது. உள்ளே போகிறவர்களின் பைகளை ஒவ்வொன்றாக, ஜிப்பைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஜிப்பைத் திரும்ப மூடிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. சூட் போட்ட ஒருவர் அவன் காதருகே வந்து எதையோ கத்தினார். நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். அதற்கடுத்த வாரம் போனபோது அந்த வாசலில் வேறு ஆள்.

புதிதாகப் பையை மாட்டுகிற தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதே. அடித்துவிட்டால் படியிறங்குவதற்கு முன்னால் கூட வந்தவனிடம் சொல்லிவிடு.

அப்புறம், எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று யாராவது ஸ்கேலால் தட்டினால், நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஜெல் வைத்துவிட்டு, ஆப் சிவப்பாகிற வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன். எறும்பு ஒன்றும் நம்மைவிட அதிகமாக உழைக்கவில்லை. நிற்கிறது, வழி தப்புகிறது, எடுத்ததைக் கீழே போடுகிறது. வரிசையில் ஒன்று மெதுவாகப் போனால் மற்றவை அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. மெதுவாகப் போகிற ஒன்றை மற்றவை வரிசையைவிட்டு வெளியே தள்ளி நான் பார்த்ததில்லை. எத்தனையோ வீட்டில் தேடிவிட்டேன். அப்படித் தள்ளுகிற ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.