அவளுக்காக உயர்த்திய பின்பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதி. மலாயாவில், ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் தம் பழைய மோட்டார் சைக்கிளை எனக்கு விட்டுப் போனார். குதிரை வண்டிக்கு இருப்பதுபோல் பின்சக்கரத்துக்குப் பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டி.

என் மனைவி கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அவள் பின்னால் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகிவிடும். திருப்பத்தில் வண்டி வளையாமல் ஓரத்துக்கே போகும். "வண்டி என்னையப் பாத்துப் பயப்படுதுலா" என்று சிரிப்பாள். ஈப்போ பட்டறை ஒன்றில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்தினேன். அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டே ஊர் சுற்றினோம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவளைப் பினாங்கில் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தேன்.

தனியாக ஓட்டியபோதுதான் தெரிந்தது. சுமை இல்லாத பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கைப்பிடியைத் தொட்டால் வெட்டித் திரும்பியது, குழி வந்தால் பின்சக்கரம் துள்ளியது. அந்தப் பட்டையைக் கழற்றினால் சரியாகிவிடும். கழற்ற மனம் வரவில்லை. அவள் வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டியதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவள் இல்லாத வீட்டில் எனக்கு அவ்வளவுதான் புத்தி வேலை செய்தது.

மழை விட்ட ஒரு மதியம், சுண்ணாம்புக்கல் மலையடித் திருப்பத்தில் பின்சக்கரம் துள்ளி வழுக்கியது. நான் சாலையில் விழுந்தேன். எதிரே வந்த லாரி என் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

அங்கே மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் ஓடிவந்து தூக்கினார். அதற்குமுன் அவரோடு பேசியதே இல்லை. காப்பி கொடுத்துவிட்டு, பின்பக்கம் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் அரை மூட்டை அரிசியைத் தூக்கி வந்து வண்டியின் பின்னால் வைத்துக் கட்டினார்.

"பட்டையக் கழட்ட வேணாம் தம்பி. அவங்க வார வரைக்கும் இது உக்காந்து வரட்டும்."

வண்டி அடங்கிவிட்டது. மாதக்கணக்கில் அந்த மூட்டையோடுதான் அலைந்தேன். தோட்டத்தில் அதற்குக் 'கிராணியார் சம்சாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சில நாள் அதனிடம் பேச்சுக் கொடுக்கக்கூடத் தோன்றும். அவ்வளவு ஏக்கம்.

இதற்கிடையில் பிள்ளை தங்கவில்லை என்று தந்தி வந்தது. அவளும் காய்ச்சலில் கிடந்தாள். ஒருவழியாக அவள் கப்பலில் பினாங்கு வந்து ரயிலேறித் திரும்பிய நாளில், மூட்டையைக் கடையில் இறக்கிவிட்டு ஈப்போ ஸ்டேஷனுக்குப் போனேன். முகத்தைச் சேலையால் மூடியிருந்தாள். "நல்லாத்தாங்க இருக்கேன்" என்றாள்.

அதே திருப்பம். அவள் பின்னால் இருந்தும் வண்டி துள்ளியது. ஆளே இல்லாததுபோல் துள்ளியது. அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை, வண்டி சொன்னது. என்னால் மேலே ஓட்ட முடியவில்லை. கடை வாசலில் நிறுத்தினேன்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு உயர்ந்தே நின்ற பின்பக்கத்தைப் பார்த்தார். என்னை ஓரமாக அழைத்தார்.

"அந்த மூட்டைல வண்டு விழுந்துருச்சு. வீட்டுக்குப் புது அரிசி அனுப்புறேன். பட்டைய மட்டும் எறக்கிறாதீங்க தம்பி. அவங்களுக்கு ஆக்கிப் போடுங்க."

ஆக்கிப் போட்டேன். முதலில் அவளுக்கு இறங்கவில்லை. மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். பல மாதம் கழித்து ஒருநாள் அந்தத் திருப்பத்தில் வண்டி துள்ளாமல் நிதானமாக வளைந்தது. "வண்டிக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிருச்சுலா" என்று பின்னாலிருந்து சிரித்தாள். ஊரிலிருந்து வந்தபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கப்பல் வந்த தேதி எனக்கு மறந்துவிட்டது. அவள் திரும்பி வந்த நாள் என்றால், இன்றும் எனக்கு அந்தத் திருப்பம்தான்.