யார் போய்ச் சொன்னது?

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் ஏழு வருடம் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். அங்கே சமைத்தவள் என்னைவிடச் சின்னவள். அறைகளில் தங்கியிருப்பவர்கள் வெளியே கிளம்பியதும் நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வீட்டுக் கதை, உடம்புக் கதை எல்லாம் அங்கேதான்.

போன வருடம் முதலாளி வராந்தாவிலும் சமையலறையிலும் கேமரா வைத்தார்.

"திருட்டு பயத்துக்குத்தாம்மா. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

பத்து நாள் போயிருக்கும். மாடியில் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி அறை வாசலில் வந்து நின்றார்.

"முட்டி வலி ஜாஸ்தியா இருக்காமே? மாடி ஏற முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்த வலியை அவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். முதலாளிக்குக் காபி கொண்டுபோனவள் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் நான் கதவோரம் நின்று காது கொடுப்பேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. அதையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து கேமராவைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். சமையலறையில் நான் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் அடுப்பருகே நின்றாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசுங்கக்கா, சவுண்டு வருதான்னு பாக்கணும்" என்றார்.

"கேமராவுல சவுண்டா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. மெதுவா பேசினாக்கூட ஓனர் போன்ல கேக்கும்."

அவர் போனபின் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற லாட்ஜுல கூப்பிடறாங்கன்னு உங்ககிட்டதான் சொன்னேன். மறுநாளே அவரு, எப்போ போறேன்னு கேட்டாரு. நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு வீட்ல உங்கள எவ்ளோ திட்டினேன் தெரியுமாக்கா?"

"நானும் உன்னத்தான் நெனச்சேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருவருமாகப் போய்க் கேட்டோம். முதலாளி போனை நீட்டிக் காட்டி, "ஆஃப் பண்ணிட்டேம்மா, போதுமா?" என்றார். அதில் எது ஆன், எது ஆஃப் என்று எங்களுக்குப் புரியவில்லை. மறுநாள் சேர்ந்து சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டாள். சரி என்றேன். அவள் கண் மேலே கேமரா பக்கம் போனது.

இரண்டு மாதத்தில் அவள் அந்த இன்னொரு லாட்ஜுக்குப் போய்விட்டாள். அடுப்பருகே வேறொரு பெண் நிற்பதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. போன் செய்தேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா" என்றாள். "அங்க எங்க நின்னு சொல்றதுன்னுதான் தெரியல."