மலை உச்சியில் வேகாத குத்தரிசி

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கலியாணச் சமையல் என்றால் நான்தான் என்று. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று அறுநூறு பேருக்கு ஒரே நேரத்தில் சோறு போடுகிறேன். ஒருவரும் என்னைக் கைதூக்கிவிடவில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அப்படிப்பட்ட என் சொந்த மகளின் கலியாணச் சாப்பாட்டை ஒரு பிரெஞ்சுச் சமையல்காரரிடம் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பெடியன். அவனுடைய தாய் தகப்பனுக்கு எங்கள் கறியின் உறைப்பு ஒத்துவராதாம். மகளும் தலையாட்டிவிட்டாள்.

போன மாசியில் மாப்பிள்ளை வீட்டார் எங்களை அல்ப்ஸ் மலைக்கு அழைத்தார்கள். பனிச்சறுக்குக்குப் பேர்போன பெரிய இடம், அங்கே அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் நானும் மகளும்தான் போனோம். ரூ பெர்தொனே தெருக் கடையில் எங்கள் ஊர்ச் சிவப்புக் குத்தரிசி வாங்கினேன். ஆட்டுக்கறியை வீட்டிலேயே காய்ச்சி, உறையவைத்துக் கட்டினேன்.

"அப்பா, அங்கை ஒண்டும் சமைக்க வேண்டாம். அவை செய்வினம். என்ரை மானத்தை வாங்காதேங்கோ."

"உன்ரை மானத்தைக் காப்பாத்தத்தான் பானையோடை வாறன்."

ரயிலில் பானை என் மடியில் இருந்தது. மகள் நாலு இருக்கை தள்ளிப் போய் இருந்தாள்.

அந்த மலையைப் பார்த்து நான் அசந்துவிடவில்லை. மலை முழுக்கக் கம்பி, கம்பியில் கதிரை, கதிரையில் ஆட்கள். கீழே இறங்கினால் கட்டையாய் இறுகிய சப்பாத்தோடு எல்லோரும் நண்டு மாதிரி நடக்கிறார்கள். கம்பிவண்டி வாசலில் நின்ற பெடியன் என் வயதைப் பார்த்துவிட்டு, "ஐயா, கீழே நல்ல தேநீர்க்கடை இருக்கிறது" என்றான். தேநீர் குடிக்க லா சப்பலில் கடை இல்லையா? ஏறினேன். உச்சியில் காது அடைத்தது. காற்று முகத்தில் அறைந்தது. இறங்கி வரும்வரை கைப்பிடியைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் அடுப்பை என் கையில் எடுத்தேன். விருந்தாளிக்கு வைக்கும் முன் சோற்றைத் தொட்டு ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் கிடையாது, அது எச்சில். பருக்கை எடுத்து நசிப்பதும் என் வழக்கம் இல்லை. கொதி வந்து முப்பத்தைந்து நிமிடம், பிறகு வடிப்பு. முப்பது வருடமாக அது பிழையாய்ப் போனதே இல்லை. பெரிய பானைக்குப் பழகிய கை என்பதால் ஐந்து பேருக்குப் பதினைந்து பேரின் அரிசி போட்டிருந்தேன்.

பரிமாறினேன். சம்பந்தியம்மா முதல் வாய் வைத்தார். நறுக்கென்று கேட்டது. மாப்பிள்ளைப் பெடியன் மெல்லாமலே விழுங்கினான். நானும் ஒரு வாய் வைத்தேன். வெளியே சோறு, உள்ளே பச்சை அரிசி.

சம்பந்தி நல்ல மனிதர். "இங்கே உயரம் அதிகம். தண்ணீர் கெதியாகக் கொதித்துவிடும், ஆனால் அரிசி வேக அந்தச் சூடு காணாது. எங்களுக்கும் முதலில் இப்படித்தான் நடந்தது. கறி அருமை, பாணோடு சாப்பிடுவோம்" என்று மேசையில் இருந்த நீளப் பாணை வெட்டக் கத்தியை எடுத்தார்.

"பாணை அப்படியே வையுங்கள்" என்றேன், உணவகக் குசினியில் பொறுக்கிய என் பிரெஞ்சில். "ஒருவரும் எழும்ப வேண்டாம்."

சாப்பாட்டுக் கோப்பைகளில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பானையில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் விட்டு மறுபடி அடுப்பில் ஏற்றினேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, காணும், விடுங்கோ. அவை சறுக்கப் போகோணும்."

"மலை எங்கையும் ஓடாது, பிள்ளை."

"தோத்துப்போனன் எண்டு ஒருக்கால் சொன்னால் என்ன?"

"தோத்தால் சொல்லுவன். அடுப்பு இன்னும் சூடாத்தானே கிடக்கு?"

ஐம்பது நிமிடம். சம்பந்தியம்மா கடைசியில் சறுக்குக் காற்சட்டையைக் கழற்றிவிட்டு வேறு உடுத்து வந்து மேசையில் இருந்தார். சம்பந்தி கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, குத்தரிசி ஏன் சிவப்பு என்று கேட்டார். சொன்னேன். அன்று பருக்கையை எடுத்து விரலில் நசித்தும் பார்த்தேன், எல்லோருக்கும் முன்னால்தான். மலை தன் புத்தியைக் காட்டினால் நானும் என் புத்தியைக் காட்டத்தானே வேண்டும்?

சோறு பூப்போல வந்தது. உறைப்பு ஒத்துவராத சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் முறை கோப்பையை நீட்டினார். சாப்பிட்டுக் கதைத்து முடியும்போது வெளியே கம்பிக் கதிரைகள் ஓய்ந்து நின்றுவிட்டன. அன்று பின்நேரம் அந்த வீட்டில் ஒருவரும் சறுக்கப் போகவில்லை.

சட்டி கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பிரெஞ்சுச் சமையல்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லப்போறம். கலியாணச் சமையல் நீங்கள்தான். ஆனால் கலியாணத்தை மலையிலை மட்டும் வைக்கமாட்டம்."

"மலையிலையே வை" என்றேன். "எவ்வளவு நேரம் எண்டு இப்ப எனக்குத் தெரியும்."