நம்ம வூட்டிலிருந்து நம்ம வூட்டுக்கு

எட்டு நாளாக அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. மாமாவைப் பற்றி அப்பா ஏதோ சொல்லிவிட்டாராம். எம்.கே.பி. நகரில் எங்கள் வீடு மொத்தமே ஒரு அறை; அதற்குள் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பது லேசான காரியமா? "உங்க நைனாவ துன்னச் சொல்லு" என்பாள் அம்மா. "பசிக்கலன்னு சொல்லு" என்பார் அப்பா. இருவர் காதிலும் எல்லாம் விழும்; ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரக்குப்பத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போவதாக அம்மா பையில் துணியை அடுக்கிவிட்டாள். தம்பியை மட்டும் கூட்டிப்போவாளாம்; எனக்குப் பள்ளிக்கூடமாம்.

அந்த வாரம் ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். வெளியூரில் இருக்கும் தந்தைக்கு எழுத வேண்டும். நான் எழுந்து, "எங்க நைனா வூட்லதான் கீது டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அப்போ வீட்ல இருக்கிறவருக்கே எழுது. நேர்ல சொல்ல முடியாதத எழுது" என்றார்.

எழுதினேன். வீட்டுக்கு வந்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாகப் போட்டு, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, "நீ துன்னாம போனா அம்மாவும் துன்றதில்ல. பைய ரெடியா வெச்சிகீது. எனக்கு பயமா கீது நைனா" என்று முடித்தேன். காலையில் சாத்தாங்காட்டுக்கு இரும்பு லோடு ஏற்றப் போகிற அப்பாவின் சட்டைப் பையில் செருகிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், பலமுறை படித்திருப்பார் போல, தாளெல்லாம் துருக் கறை. நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா உன் பொண்ண? நம்ம வூட்லருந்து நம்ம வூட்டுக்கே லெட்டர் போட்டுகீது! மேலயும் அதே டோர் நம்பரு, கீழயும் அதே டோர் நம்பரு!"

"இன்னாவாம்? இன்னா எழுதிகீது?" என்று அம்மா கேட்டேவிட்டாள். அப்பா படித்துக் காட்டினார். கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார். அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், அவருக்கும் தனக்கும். ஞாயிற்றுக்கிழமை பைத் துணி மறுபடி கொடிக்கு வந்தது.

நானோ கடிதம் படித்த அந்தச் சாயங்காலம் வேறு கவலையில் அழுதுகொண்டிருந்தேன். கடிதத்தை மறுநாள் டீச்சரிடம் காட்ட வேண்டும். அப்பா தரவே மாட்டேன் என்றுவிட்டார். "இது எனக்கு வந்த லெட்டரு, போ!" வேறு வழி? பக்கத்து வீட்டு அக்காவின் கைடைப் பார்த்து வெளியூர் அப்பாவுக்கு ஒன்று எழுதிக்கொண்டு போனேன். ஒரு 'வூடு' கிடையாது, ஒரு 'கீது' கிடையாது.

டீச்சர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பத்துக்கு ஐந்து போட்டார். பிழையே இல்லாத கடிதத்துக்கு ஏன் ஐந்து என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம்.