மணலில் நீட்டிய பாவு

காஞ்சிபுரத்தில் கடற்கரை ஏது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். செவிலிமேட்டுக்கு வந்து பாருங்கள். ஆண்டில் பாதிக்கு மேல் தண்ணீரில்லாத பாலாற்று மணல்தான் எங்கள் கடற்கரை. பட்டம், கபடி, ரம்ஜான் மறுநாள் பிரியாணிச் சட்டி, எல்லாம் அங்கேதான். அதன்மேல் சாலை போடப்போவதாகச் சொல்லி ஒருநாள் கல் நட்டார்கள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. மணலை நிரவ ஜேசிபி வருகிறது என்று தெரிந்ததும் தெருவே கிளம்பியது. என் அத்தை மட்டும் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாவு என்றால் புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டிழைகள். அதைத் தெருவில் நீட்டிக் கட்டிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஆற்றில் இறங்கும் வழிக்குக் குறுக்கே நீட்டினாள். எனக்கு மானமே போயிற்று.

"ஊரே சண்டைக்கு வந்துக்கினு இருக்குது. உனக்கு இன்னிக்குமா வேல?"

"வாய மூடிக்கினு கோலப் புடி," என்று பாவின் முனையில் செருகிய கோலை என் கையில் கொடுத்தாள்.

உறுமிக்கொண்டு வந்த ஜேசிபி பாவுக்கு முன்னால் நின்றது.

"யக்கா, சுருட்டுக்கா. வண்டி போவணும்," என்றார் ஓட்டுநர்.

"பொழுது சாஞ்சாதான்பா சுருட்டுவோம். அவசரம்னா தாண்டிப் போ."

நீட்டிய பாவை எங்கள் ஊரில் யாரும் தாண்டமாட்டார்கள். சைக்கிளில் வருகிறவரும் இறங்கிச் சுற்றித்தான் போவார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "தாண்டுனா எங்கம்மா சோறு போடாதுக்கா," என்று இறங்கிவந்து எங்களோடு டீ குடித்தார். உச்சிவெயிலில் காற்று எழும்பி மணலை வாரி இறைத்தது. அத்தை அசையவில்லை. மாலையில் அதிகாரி வந்து, வேலையை நிறுத்திவைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு மனு, வழக்கு என்று வெகுகாலம் இழுத்தது. இன்று அந்தச் சாலை மணலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. போகட்டும், அதற்கென்ன கால் வலிக்கவா போகிறது?

கோலைப் பிடித்த நானே ஜேசிபியை விரட்டியதாகப் பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் அத்தையின் தறியில் இழைகள் அறுந்துகொண்டே இருந்தன. ஒன்றை முடிந்தால் பக்கத்தில் இன்னொன்று. "உனக்குக் கை தளந்துபோச்சு அத்தை," என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு நாள் போராடிவிட்டு, முழுப் பாவையும் அறுத்து எடுத்துப் போட்டாள்.

மணல் ஏறிய பட்டு நெசவுக்கு நிற்காது என்பது எனக்குத் தெரியவே பல வருடம் ஆயிற்று. அத்தைக்கு அது அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தெரியும்.