மடித்து லேமினேட் செய்த ரிப்போர்ட்

என் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபது வருடமாக அவள் வாயைத் திறந்தால்தான் வண்டிகள் நகரும் என்று நான் கிண்டல் செய்வேன். அந்த வாயில்தான் வினை வந்தது. கீழ் முன்பற்களுக்கு அடியில், ஈறில், பட்டாணி அளவில் ஒரு கட்டி.

பல் டாக்டர் கட்டியை வெட்டி, ஆடிய பற்கள் இரண்டையும் பிடுங்கி, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டை எங்கள் கையில்தான் கொடுத்தார்கள். 'புற்றுநோய் இல்லை' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கொண்டு படிக்கவும் இல்லை. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அந்த வரி மேலே தெரியும்படி தாளை மடித்து, லேமினேட் செய்து கொடுத்தேன். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

மூன்றே மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. மறுபடி வெட்டினார், இன்னும் இரண்டு பல் போயிற்று.

"இந்தத் தடவை டெஸ்டுக்கு அனுப்பலையா டாக்டர்?"

"அதான் ஏற்கெனவே பார்த்தாச்சே," என்று லேமினேட் அட்டையைத் தட்டினார்.

மறுபடி வந்தது. அடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், தாடையின் முன்பக்கத்தையே எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தார். பேச்சு குளறும், போகப்போகப் பழகிவிடும் என்றார். யாருக்குப் பழகிவிடும்? அவரை அறையலாம் போலிருந்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட மீதி எங்கே?"

"உள்ளே மடிஞ்சிருக்கு," என்றேன்.

கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிப் பிரித்தார். அடியில் ஒரே ஒரு குறிப்பு: ரத்தத்தில் கால்சியம் பார்க்கவும், கழுத்துச் சுரப்பி காரணமாக இருக்கலாம்.

"உங்களுக்குக் கிட்னியில கல் வந்திருக்கா?"

"ரெண்டு தடவை," என்றாள் அக்கா. "யாரும் கேக்கலையே."

ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் எகிறிக் கிடந்தது. கிட்னிக் கல்லும் அதனால்தானாம். கழுத்தில் வீங்கிய சுரப்பி ஒன்று எலும்பை அரித்து, தாடையில் கட்டியை வளர்த்திருக்கிறது. சுரப்பியை எடுத்தார்கள். தாடையை யாரும் தொடவில்லை. கட்டி மெல்ல வற்றியது. போன பற்கள் திரும்பவா போகின்றன? மைக்கில் 'ச' வரும் இடமெல்லாம் இப்போது காற்று போகிறது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "என் மேல கோபம்தானே அக்கா? திட்டிடேன்."

"யாரைன்னுடா திட்டறது? வெட்டினவரையா, படிக்காதவரையா, மடிச்சவனையா?" என்றாள். "ஆரம்பிச்சா எல்லாம் உன் தலையிலதான் வந்து விழும். கடைசி வரைக்கும் கூட வந்தவன் நீ ஒருத்தன்தான்."