மூன்று விரல் அளவு

டாக்டர் கமலவேணி காலமான செய்தி 13-8-1977 சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கச்சேரி சாலையில் எனக்குக் கிடைத்தது. மீன்கூடையுடன் எதிரே வந்த அஞ்சலை சொன்னாள்: "சாரே, நம்ம மூணு வெரல் டாக்டரம்மா நேத்து பூட்டாங்க."

மறுநாள் நாளிதழில் தியாகராய நகர்ப் பல் மருத்துவர் ஒருவர் இரங்கல் எழுதியிருந்தார். தாடை மூட்டுக் கோளாறைக் கத்தியோ ஊசியோ இன்றிக் கண்டறியும் முறையை அம்மையாருக்குக் கற்பித்தவரே தாம்தானாம். அவர் பெயரை நான் எழுதமாட்டேன், தேதிகளை எழுதுகிறேன்.

1971 ஜனவரி 4, 18, பிப்ரவரி 1 ஆகிய மூன்று திங்கட்கிழமைகளில், காதோர வலிக்காக என் கடைவாய்ப் பற்கள் மூன்றை அம்மனிதர் பிடுங்கினார். மூன்றும் சொத்தையற்றவை. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்ச் 9 அன்று அம்மையாரின் மயிலாப்பூர் கிளினிக் பெஞ்சில் அமர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம்: காத்திருப்போர் அனைவரும் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த அஞ்சலை உரக்கவே கேட்டாள்: "இன்னா டாக்டரம்மா, பல்லு வலின்னு வந்தா என் வெரலையே கடிக்க சொல்றே? மீன் வாசனை வேற அடிக்குது!"

"மூணு விரலும் நுழையட்டும் அஞ்சலை. அப்புறம் பல்லைப் பத்திப் பேசலாம்."

எனக்கு இரண்டுதான் நுழைந்தன. அம்மையார் என் காதுகளுக்கு முன்னால் விரல்நுனிகளை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். இடப்பக்கம் 'டக்' என்றது.

"பல் பாவம், ஒண்ணும் பண்ணலை. மூட்டுதான் சார். கோவத்தைப் பல்லுல வெச்சுண்டு அரைக்கிறேள்."

வெந்நீர் ஒத்தடம், குழைந்த சாதம், முறுக்குக்குத் தடை. ஆறு வாரத்தில் வலி நின்றது. மூன்றாவது விரலும் நுழைந்தது.

2-4-1972 ஞாயிறு, ஆழ்வார்பேட்டையில் பல் மருத்துவர்கள் கூட்டம். சுருக்கெழுத்தாளனாக நான் அமர்ந்திருந்தேன். அம்மையார் தம் முறையை விளக்கி முடித்ததும் தியாகராய நகர்க்காரர் எழுந்தார்: "கன்னத்தைத் தொட்டு நோய் சொல்ல டாக்டர் எதுக்கம்மா? மெரினாவுல குறி சொல்றவ போதுமே!" சபை சிரித்தது. அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "குறி சொல்றவளாவது நல்ல பல்லைப் பிடுங்க மாட்டா, டாக்டர்." அதற்கு எழுந்த சிரிப்பு இன்னும் பெரிது. அதையும் குறித்துவைத்தேன்.

வருகிற 28-8-1977 ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மயிலாப்பூரில் இரங்கல் கூட்டம். தலைமை அந்தத் தியாகராய நகர்க்காரரே. அந்தப் பெஞ்சில் விரல் கடித்த நீங்கள் அனைவரும் வாருங்கள். அஞ்சலை இப்போதே சொல்லிவிட்டாள்: "முன்னால குந்திக்கினு அந்தாளு மூஞ்சியப் பாக்கணும் சாரே."

கோபத்தைப் பல்லில் வைக்கமாட்டேன். அம்மையாரின் சொல்லை மீறியதில்லை. சுருக்கெழுத்து நோட்டைக் கொண்டுவருவேன். தலைவர் பேசி முடித்ததும் எழுந்து நின்று, 1972-இன் அந்த ஆழ்வார்பேட்டை ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தை ஒரு சொல் விடாமல், சிரிப்புகள் உட்பட, வாசிப்பேன்.

அம்மையார் எனக்கு விட்டுச் சென்றது மூன்று விரல் அளவு திறக்கும் ஒரு வாய். அன்று அது முழுதாகத் திறக்கும்.